சிடுமூஞ்சியும் இரும்புக் கூண்டும்

பிப்ரவரி 9

அன்புள்ள என்னங்க,

நேரில் கூப்பிடுவதையே எழுதியிருக்கிறேன். பெயர் எழுதப் பேனா வரவில்லை, சிரிக்காதீர்கள்.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். தீவனக் கிடங்குக்கு மேலே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஆனால் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே லாயம். பந்தயக் குதிரைகளைப் பழக்கும் டிரெய்னருக்கு, இங்கே குதிரைக்காரராக இருந்த என் அப்பாவை நன்றாக நினைவிருக்கிறது. "உங்கப்பா குதிரையைத் தேய்ச்சா அதுல முகம் பாக்கலாம்மா. அவர் பொண்ணுக்கு நான் சொல்லியா தரணும்?" என்றார். சொன்ன கையோடு, யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய குதிரையை என் தலையில் கட்டிவிட்டார்.

இரண்டு வயது ஆண் குதிரை. கலப்பில்லாத பந்தய ரத்தம், பாட்டன் முப்பாட்டன் எல்லோரும் ஓடி ஜெயித்தவர்களாம். பந்தயப் பெயர் ஒரு முழம் இருக்கிறது. லாயத்தில் எல்லோரும் சிடுமூஞ்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாளியை வைத்தால் உதைக்கிறான், தடவிக் கொடுத்தால் கடிக்க வருகிறான். அதைவிடப் பெரிய தலைவலி, ஓட்டம் தொடங்கும் இடத்தில் இருக்கிற இரும்புக் கூண்டு. குதிரைக்கு ஒரு சந்து. உள்ளே விட்டுப் பின்கதவைச் சாத்துவார்கள், மணி அடித்ததும் முன்கதவு திறக்கும். இவன் அதைக் கண்டாலே நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடுகிறான்.

ஏற்பாடு நம்மிடம் சொன்னதுதான். உங்களுக்கு வேலை போனபோது டிரெய்னரிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக, இவன் ஓடி முடிக்கும் வரை நான் இவனோடு இருக்க வேண்டும். கெட்டிக்காரனாக இருந்தால் நான்கு வயதுக்குள் பந்தயத்தை நிறுத்தி, குட்டிகளுக்குத் தகப்பனாக்கப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். மக்காக இருந்தால் அதற்கும் முன்னாலேயே அனுப்பிவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் இரண்டு வருஷம். அப்புறம் வீடுதான்.

லிஃப்ட் கம்பெனியில் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்களா? மாமாவின் மாத்திரை கண்ணாடி அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது, உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 2

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

மூன்று பக்கக் கடிதம்! கல்யாணமான நாளிலிருந்து நீ பேசியதையெல்லாம் கூட்டிப் போட்டாலும் ஒன்றரைப் பக்கம் தேறாது. இத்தனையையும் எங்கே ஒளித்து வைத்திருந்தாய்? அக்காவுக்கும் அப்பாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "உள்தாழ்ப்பாள் இருக்குன்னு பெருசா எழுதியிருக்காளே, இங்க என்ன நடுத்தெருவுலயா படுத்திருந்தா?" என்று அக்கா கேட்டாள். நீயே பதில் சொல்லிக்கொள், என்னை மாட்டிவிடாதே.

கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். முதல் நாளே ஒரு வக்கீலும் அவர் நாயும் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். நாய் சும்மாதான் இருந்தது, வக்கீல்தான் குரைத்தார். எங்கள் தொழிலில் முதல் வேலை ஸ்பானரை எடுப்பது இல்லை, குரல் கொடுப்பது. "வந்துட்டேன் சார், கேக்குதா?" என்று ஒரு வார்த்தை. கதவு திறக்க அரை மணி ஆனாலும் உள்ளே இருப்பவருக்கு மூச்சு வந்துவிடும்.

அக்கா தையல் மெஷின் வாங்கியிருக்கிறாள். வேறு இடமில்லாததால் நம் அறையில் போட்டிருக்கிறோம். நீ வருவதற்குள் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வருஷம் என்றால் எந்த மாதம்? தேதி எழுது.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 18

அன்புள்ள என்னங்க,

முதல் பந்தயத்தில் சிடுமூஞ்சி மானத்தை வாங்கிவிட்டான். ஆறு பேர் கைகோத்துப் பின்னாலிருந்து தள்ளினார்கள், கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள், கூண்டுக்குள் போகவே இல்லை. அவனை விட்டுவிட்டு மற்றக் குதிரைகள் ஓடின. கூட்டமே சிரித்தது. திரும்பி நடத்திக்கொண்டு வரும்போது எனக்குத்தான் அழுகை முட்டியது, அவன் வழியெல்லாம் புல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

அடுத்த பந்தயத்துக்கு டிரெய்னர் அனுமதி வாங்கி என்னையும் கூண்டு வரை அனுப்பினார். என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். பேசிக்கொண்டே நான் முதலில் சந்துக்குள் நடந்தேன். அவன் என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான்! நான் முன்கதவுக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, பக்கத்துக் கம்பி வேலிக்கு அந்தப்புறம் நின்று, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தேன். அன்றைக்குக் கடைசியாக வந்தான். போன சனிக்கிழமை, ஆயிரத்து இருநூறு மீட்டரில், இரண்டு குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தான். கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கடிக்கவில்லை.

"இனிமே இவ இல்லாம இவன் உள்ள போக மாட்டான்," என்று டிரெய்னர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அறைக்கு வந்து படுத்த பிறகுதான், நானே என் காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டேனோ என்று தோன்றியது.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 5

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

என் பெண்டாட்டியின் குதிரை ஜெயித்துவிட்டது என்று ஏறி இறங்கிய லிஃப்டில் எல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு கிழவர், "மனைவி ஜாக்கியா?" என்று கேட்டார். "இல்லை சார், பேச்சாளர்" என்றேன்.

அப்படி என்னதான் பேசுகிறாய் அவனிடம்? இங்கே ஒரு கேள்வி கேட்டால் "ம்" என்பாய், இரண்டு கேள்வி கேட்டால் "ம்ம்" என்பாய். எழுது, தெரிந்துகொள்கிறேன்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் பிடித்துக்கொண்டுதான் நடத்த வேண்டும். "அவ வந்துட்டா கவலையில்ல" என்கிறார். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டரை ஒத்துக்கொண்டாள். வெட்டித் தைப்பது அவள், பட்டன் வைத்து ஓரம் மடிப்பது நீ, அந்தத் தைரியத்தில்தான் ஒத்துக்கொண்டாளாம். ஆகவே சீக்கிரம் வா. தேதி எழுது.

உன் வீட்டுக்காரன்


ஜனவரி 1

அன்புள்ள என்னங்க,

இன்று சிடுமூஞ்சிக்கு மூன்று வயது. எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள். கேரட் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபம் இருக்கத்தான் செய்யும்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். நவம்பரில் அவன் ஜாக்கியைத் தள்ளிவிட்டான். ஏன் இப்படிச் செய்கிறான் என்று டிரெய்னர் கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பெட்டைக் குதிரை பக்கத்துல நின்னா இவனுக்குப் புத்தி அங்க போயிடுதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மறுவாரம் குதிரை டாக்டர் வந்து காயடித்துவிட்டுப் போய்விட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

இப்போது சாதுவாகிவிட்டான், இன்னும் நன்றாக ஓடுவான் என்கிறார்கள். ஆனால் இனிமேல் இவனுக்குப் பண்ணை கிடையாது. குட்டிக்குத் தகப்பனாக முடியாதவனை எதற்கு நிறுத்துவார்கள்? கால் தாங்கும் வரை ஓடுவான். எட்டு வயது, ஒன்பது வயது வரை ஓடுகிறவர்களும் இந்த லாயத்திலேயே இருக்கிறார்கள். இரண்டு வருஷம் என்று உங்களிடம் சொன்னேன். என் வாயாலேயே அதைக் கெடுத்தேன்.

திட்டி எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 24

ஊமைக்கோட்டானே,

நான்கு வருஷம் பேசாதவள் பேசினாய், பேசியது இந்த லட்சணம்! படித்ததும் கோபம் தலைக்கேறியது. அப்புறம் அந்தப் பயலை நினைத்துப் பார்த்தேன், கோபம் போய்விட்டது.

வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "குதிரையைக் கட்டிக்கிட்டா, உன்னை எங்க கட்டிக்கிட்டா?" என்கிறாள் அக்கா. எனக்கு இப்படி ஒரு சக்களத்தன் வாய்ப்பான் என்று நான் கண்டேனா.

டிரெய்னரிடம் வேறு ஆளைப் பழக்கச் சொல். அவர் கேட்க மாட்டார் என்றால் நான் வந்து பேசட்டுமா? மெஷினுக்குத் துணையாகத் துணி வெட்டும் மேஜையும் வந்துவிட்டதால், நம் கட்டிலைச் சமையலறைக்குப் போகிற வழியில் போட்டிருக்கிறேன். குறுகல்தான். ஆனால் உனக்கு வசதி, எழுந்தால் அடுப்பு. தேதி எழுது.

உன் வீட்டுக்காரன்


அக்டோபர் 11

அன்புள்ள என்னங்க,

பெரிய பந்தயத்தில் சிடுமூஞ்சி ஜெயித்துவிட்டான்! இரண்டாயிரம் மீட்டர். கடைசி வளைவில் எட்டாவதாக இருந்தான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் முதுகில் அறைந்த பிறகுதான் ஜெயித்தது தெரிந்தது. முதலாளி குடும்பம் படம் பிடித்துக்கொண்டது. படத்தின் ஓரத்தில் கயிறும் என் கையும் தெரிகிறது, ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

இந்த வருஷத்தில் இது ஐந்தாவது வெற்றி. ஜெயித்த குதிரைக்கு என்ன பரிசு என்று கேட்பீர்கள். சுமைதான். ஒவ்வொரு தடவை ஜெயிக்கும்போதும் அதற்கென்று இருக்கிற அதிகாரி அடுத்த பந்தயத்துக்கு எடையைக் கூட்டிவிடுவார். சேணத்துக்கு அடியில் பைகள் இருக்கின்றன, அதில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதுதான் கணக்கு. அதனால் நன்றாக ஓடுகிறவன் முதுகில் அதிகம், நொண்டுகிறவன் முதுகில் கொஞ்சம். தகடுகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அவன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பான். "இன்னுமா?" என்று கேட்பது போலவே இருக்கும்.

உங்கள் வீட்டுக்காரி


நவம்பர் 3

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

இது என்ன அநியாயம்! நன்றாக ஓடுகிறான் என்பதற்காக அவன் முதுகிலேயே ஏற்றுவார்களா? வாயில்லாப் பிராணி என்றால் எதை வேண்டுமானாலும் செய்யலாமா? எனக்கு ஆறவில்லை. அப்பாவும் "பாவம்டா அது" என்றார்.

அப்பா இப்போது எழுந்து நடப்பதே குறைந்துவிட்டது. உன்னைப் போலப் பொறுமையாக யாரும் ஊட்டுவதில்லை என்று அக்காவிடம் சண்டை. அக்காவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, துணி துவைப்பதை உனக்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லவில்லை, ஆனால் நீ வந்தால் நல்லது. இரண்டாவது பள்ளிக்கூடத்தின் ஆர்டரும் வந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னை வெளியே எடுக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். ஊரில் உள்ளவர்களையெல்லாம் லிஃப்டிலிருந்து எடுக்கிறேன், பெண்டாட்டியை எடுக்க முடியாதா? ஒன்பது மாடிக் கட்டடத்தில் ஒரு டீச்சர் இருக்கிறார். ஒரு தடவை மாட்டிக்கொண்ட பிறகு லிஃப்ட் என்றாலே நடுங்குவார், மூட்டு வலியோடு படியேறுவார். நான் முதலில் கூடவே ஏறினேன். அப்புறம் கதவுக்கு வெளியே நின்று பேசினேன். அப்புறம் ஒரு மாடி தள்ளி, இரண்டு மாடி தள்ளி நின்று குரல் மட்டும் கொடுத்தேன். கடைசியில் குரலும் வேண்டியிருக்கவில்லை. இப்போது அவர் பாட்டுக்கு ஏறிப் போகிறார், என்னைக் கண்டால் தலையசைப்பதோடு சரி.

உன் சிடுமூஞ்சிக்கும் இதையே செய். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நில். பழகிவிடுவான். செய்துவிட்டுத் தேதி எழுது.

உன் வீட்டுக்காரன்


மே 14

அன்புள்ள என்னங்க,

நான் வீட்டுக்கு வந்து போன மூன்று நாளும் ஓடியே போய்விட்டன. சிடுமூஞ்சிக்குக் காலில் வீக்கம் வந்து ஓய்வு கொடுத்திருக்காவிட்டால் அந்த மூன்று நாளும் கிடைத்திருக்காது. பட்டன் வைத்த சட்டைகளைத் தனி மூட்டையாகக் கட்டி மேஜைக்கு அடியில் வைத்தேன், உங்கள் அக்கா தேடப் போகிறார்.

இங்கே மழை. அவன் கால் தேறிவிட்டது. நேற்று அறுபத்திரண்டு கிலோவைச் சுமந்துகொண்டு ஓடி ஆறாவதாக வந்தான். "தோத்தா எடை குறையும், நல்லதுதான்" என்று டிரெய்னர் சொன்னார். அவனுக்கு அந்தக் கணக்கு தெரியுமா? தோற்ற அன்று தீனி தின்னவில்லை. வாளியை உதைக்கவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 8

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

நான் சொன்ன வழியைச் செய்து பார்த்தாயா? மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன். மழை என்கிறாய், வீக்கம் என்கிறாய், வைக்கோல் விலை ஏறிவிட்டது என்கிறாய். இதற்கு மட்டும் பதில் இல்லை. அவனுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது, இன்னும் எத்தனை?

இனி அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "தம்பிக்குக் கல்யாணம் பண்ணி வெச்சது குதிரைக்குப் பேச்சுத் துணை அனுப்பறதுக்கு இல்ல. அப்பாவைத் தூக்கி உக்கார வைக்க ஆள் இல்ல. எனக்கும் வயசாகுது. கட்டிலைப் போட்டு வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு அதுல இடிச்சுக்கிட்டே நடக்கறது? வரதா இருந்தா வரச் சொல்லு." அக்கா சொன்னது முடிந்தது.

அவள் மனசில் ஒன்றும் இல்லை, வாய்தான் அப்படி, உனக்குத் தெரியாதா. தேதி எழுது.

உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 29

அன்புள்ள என்னங்க,

போன வாரம் எனக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. பந்தயத்துக்குச் சிடுமூஞ்சியை வேறொருவர் கொண்டுபோனார். ஜன்னலுக்கு அடியில் வண்டியில் ஏறும்போது அவன் கனைத்தது கேட்டது. நானும் ஜன்னலிலிருந்து கத்தினேன், தொண்டையில் சத்தம் வரவில்லை.

கூண்டுக்கு முன்னால் நான்கு காலையும் ஊன்றிவிட்டானாம். கண்ணைக் கட்டியும் நகரவில்லை. பந்தயத்தை நடத்துகிற அதிகாரிகள் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை மறுத்தால், அவன் இனி எந்த மைதானத்திலும் ஓட முடியாது. ஓட முடியாத, குட்டிக்கும் ஆகாத, ஆளைக் கடிக்கிற குதிரையை யார் வைத்துக்கொள்வார்கள்? டிரெய்னர் என்னைப் பார்க்காமல், "வண்டி வந்து ஏத்திக்கிட்டுப் போகும்மா" என்றார். எந்த வண்டி என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

என்னால்தான் அவன் இப்படி ஆனான். என் குரலுக்கு அவனைக் கட்டிப் போட்டுவிட்டேன். எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அவன் உயிருக்கே ஆபத்து என்றால் அது பாசமா? நீங்கள் சொன்ன வழியை நாளையிலிருந்து செய்யப்போகிறேன். இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள், நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 16

என்னங்க,

சிடுமூஞ்சி தனியாகப் போய்விட்டான்.

ஐந்து மாதம் பழக்கினேன். முதலில் முன்கதவருகில் நின்று பேசினேன். அப்புறம் வேலியோரம், அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அப்புறம் டிராக்டர் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் அவன் கண்ணில் படாமல் நின்று. சனிக்கிழமை நிஜப் பந்தயம். நான் தூரத்தில் ஒளிந்துகொண்டேன். கூண்டுக்கு முன்னால் அவன் நின்றான். இரண்டு காதையும் திருப்பித் திருப்பிக் குரலைத் தேடினான். நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே போனான். நான்காவதாக வந்தான். லாயத்துக்கு வந்ததும் வாளியை உதைத்தான்.

"இவன் தனியாப் போயிட்டா உன்னை விட்டுடறேன்னேன், சொன்ன சொல் சொன்னதுதான். நீ வீட்டுக்குப் போகலாம்மா" என்றார் டிரெய்னர். பெட்டியைக் கட்டினேன். பேருந்து நிலையத்துக்குப் போனேன், டிக்கெட்டும் வாங்கினேன். பேருந்து வந்து கதவு திறந்தது. படிக்கு முன்னால் போய் நின்றேன். கால் எழவில்லை. பின்னால் இருந்தவர்கள் இடித்தார்கள். "ஏறுறீங்களா இல்லையா?" என்று கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார். அவன் நான்கு காலையும் ஊன்றிக்கொள்வான் என்று எழுதுவேனே, அப்படி நின்றேன். எனக்கு இரண்டு கால்தான், ஆனாலும் யாராலும் நகர்த்த முடியவில்லை. கதவு சாத்திக்கொண்டு பேருந்து போய்விட்டது.

அவனிடம் என்ன பேசுகிறாய் என்று முதல் வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களிடம் சொல்ல வேண்டியதைத்தான் பேசினேன். வேலை முடிந்து வந்ததும் "சாப்பாடு ஆச்சா" என்று உங்கள் அக்காவைத்தான் கேட்பீர்கள், சமைத்தவளை ஒரு நாளும் கேட்டதில்லை என்று சொன்னேன். எனக்கு ஒரு கதவு வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்று சொன்னேன். மாமாவைப் பார்த்துக்கொள்வது எனக்குப் பாரமே இல்லை, அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று சொன்னேன். அவன் என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு கேட்டான். கேட்டு முடிக்கும் வரை அசைய மாட்டான்.

ஈயத் தகடு அநியாயம் என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? மேல் பாதியில் அவனுக்காகக் கோபம். கீழ்ப் பாதியில் மாமா, முழங்கால், துணி, இரண்டாவது பள்ளிக்கூடம். நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். உங்கள் கடிதத்தைப் பிரித்துச் சிரிக்காமல் நான் படுத்ததில்லை. கடிதம் எழுதுகிற உங்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவரை நான் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை.

வந்த மூன்று நாளும் அந்தக் கட்டிலில் படுத்தேன். பின்கதவைச் சாத்தியது போல இருந்தது. முன்கதவு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மூன்றாம் நாள் இந்த ஊர் வண்டியில் ஏறியபோது எனக்கு அழுகை வரவில்லை. அதை நினைத்துத்தான் அப்புறம் அழுதேன்.

சிடுமூஞ்சி இன்னும் ஒரு வருஷம் ஓடுவான். அதற்கப்புறம் குட்டிக் குதிரைகளுக்குக் கூண்டு பழக்கும்போது பக்கத்துச் சந்தில் துணைக்கு நிற்க அவனை வைத்துக்கொள்வதாக டிரெய்னர் சொல்லிவிட்டார். பழக்குகிற வேலையைச் செய்வாயா என்று என்னைக் கேட்டார். இந்தத் தடவை யாரும் என் தலையில் கட்டவில்லை, கேட்டார். சரி என்றேன்.

நான் வரவில்லை.

குதிரைக்காரி


ஏப்ரல் 20

அன்புள்ள உனக்கு,

இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். கேலி எழுதினேன், அது கேலியாக இல்லை. கோபம் எழுதினேன், நிறையவே எழுதினேன், அதில் பாதி நியாயமாகக்கூட இருந்தது. என்னை விட்டுவிட்டாயே என்று எழுதினேன். அது உண்மை, கிழித்ததில் அதை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

உன் கடைசிக் கடிதத்தை வீட்டில் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. இதுவரை வந்ததையெல்லாம் சத்தமாகப் படித்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. உள்தாழ்ப்பாள் என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதினாய். நான் அதற்கு அக்காவின் பதிலை அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். இத்தனை நாளும் நான் கூடத்தில்தான் படுத்தேன், காற்று வருகிறதென்று. புரள முடியவில்லை. ஒரு பக்கம் கேஸ் சிலிண்டர், மறுபக்கம் சுவர். அக்கா என் காலைத் தாண்டிக்கொண்டு மூன்று தடவை போனாள். அப்பா தன் படுக்கையிலிருந்து தண்ணீர் கேட்டார், கொடுப்பது அக்காவா நானா என்று யோசிப்பதற்குள் "அவ இருந்தா கொடுத்திருப்பா" என்றார். நான் வேலை செய்கிற எந்த லிஃப்டும் அந்த இடத்தைவிடப் பெரியது. அதில் விளக்கு உண்டு, மணி உண்டு, அடித்தால் வருவதற்கு நான் உண்டு.

முதல் வேலை குரல் கொடுப்பது என்று உனக்கே பாடம் எடுத்தவன் நான். வீட்டில் நான்கு வருஷம், கடிதத்தில் நான்கு வருஷம், எட்டு வருஷம் நீ உள்ளே இருந்தாய். கேட்கிறதா என்று ஒரு தடவை கேட்டேனா?

கட்டிலைக் கழற்றிவிட்டேன். மெஷினைக் கூடத்துக்கு நகர்த்தினேன், அக்கா பத்து நாள் பேசவில்லை, இப்போது பேசுகிறாள். சீருடை ஆர்டரை அவளே குறைத்துக்கொண்டாள். அப்பாவைக் குளிப்பாட்டுவது நான். முதல் நாள் இருவருக்குமே வெட்கமாக இருந்தது. அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். இதையெல்லாம் உன்னை வரவைக்க எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த டீச்சரைப் போன வாரம் லிஃப்டில் பார்த்தேன். தலையசைப்பதோடு நிற்காமல், "முகம் ஏன் இப்படி இருக்கு? எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். ஒன்பது மாடி ஏறுவதற்குள் நான் அழுதுவிட்டேன். இறங்கி வரும்போது, இந்தக் கேள்வியை உனக்கு எந்தக் கடிதத்தில் எழுதினேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். காய்ச்சல் என்று நீ எழுதியபோதுகூட, சிடுமூஞ்சி பழகிவிட்டானா என்றுதான் பதில் போட்டேன்.

நீ எப்படி இருக்கிறாய்? உனக்குத் தோன்றினால் எழுது. தேதி வேண்டாம்.

லிஃப்ட்காரன்